கல்லூரிக் குவார்ட்டர்பேக்குகளை ஒப்பிடுவது எப்படி? 2018 டிராஃப்டை வைத்து ஒரு செய்முறை

2018 ஏப்ரல் 26 அன்று டெக்சஸ் மாநிலம் ஆர்லிங்டனில் நடந்த என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக்) டிராஃப்டின், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியின், முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டார்கள். பேக்கர் மேஃபீல்ட் 1, சாம் டார்னால்ட் 3, ஜாஷ் ஆலன் 7, ஜாஷ் ரோசன் 10, லமார் ஜாக்சன் 32. பத்தாவதாகப் போன ரோசனை எடுத்த அணி ஒரே வருடத்தில் அவரைக் கைமாற்றிவிட்டது. சுற்றின் கடைசி ஆளான ஜாக்சன் 2019, 2023 இரண்டு பருவங்களிலும் லீகின் மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கினார். ஆலன் 2024 பருவத்துக்கான அதே விருதை வாங்கினார்.

முடிவு தெரிந்த ஆட்களை வைத்துப் பழகினால் எந்த அளவுகோல் எங்கே தவறும் என்பது கண்ணுக்குத் தெரியும். அதனால் இந்த ஐவரையே எடுத்துக்கொள்வோம். கையில் தேவைப்படுவது ஒரு எக்செல் தாள், நிறுத்தி நிறுத்திப் பார்க்கக்கூடிய ஆட்ட வீடியோ, போனில் உள்ள ஸ்டாப்வாட்ச். ஆட்டத்தைத் தொடங்கப் பந்தைப் பின்னால் தருவது ஸ்னாப், அதை வாங்கி எறிபவர் குவார்ட்டர்பேக், எறிவது பாஸ், அதைப் பிடிப்பவர் ரிசீவர், முன்னால் நின்று குவார்ட்டர்பேக்கைக் காப்பவர்கள் முன்வரிசை, தடுக்கும் எதிரணி டிஃபென்ஸ், எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுபோவது டச்டவுன், எறியும் முன்பே அவர் வீழ்த்தப்பட்டால் அது சாக், எறிந்த பந்தை எதிரணி பிடித்தால் இன்டர்செப்ஷன். தொடங்க இவ்வளவு தெரிந்தால் போதும்.

படி 1: கடைசிப் பருவ எண்களை ஒரே வரிசையில் எழுதுங்கள்

2017 பருவம், ஐந்து பேருக்கும் பெயர், கல்லூரி, பிறகு இதே வரிசையில் எண்கள்: எறிந்த பாஸ், பிடிபட்டது, யார்டு, டச்டவுன், இன்டர்செப்ஷன்.

மேஃபீல்ட், ஓக்லஹோமா: 404, 285, 4,627, 43, 6
டார்னால்ட், யுஎஸ்சி: 480, 303, 4,143, 26, 13
ஆலன், வயோமிங்: 270, 152, 1,812, 16, 6
ரோசன், யுசிஎல்ஏ: 452, 283, 3,756, 26, 10
ஜாக்சன், லூயிவில்: 430, 254, 3,660, 27, 10

மொத்த யார்டை வைத்து யாரையும் வரிசைப்படுத்தக் கூடாது. மேஃபீல்டும் டார்னால்டும் 14 ஆட்டம் ஆடினார்கள், ஆலன் 11 தான். ஒரு பாஸுக்கு எவ்வளவு கிடைத்தது என்பதே கணக்கு. அதற்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு: யார்டோடு டச்டவுன் ஒவ்வொன்றுக்கும் 20 கூட்டுங்கள், இன்டர்செப்ஷன் ஒவ்வொன்றுக்கும் 45 கழியுங்கள், வந்ததை எறிந்த பாஸ்களால் வகுங்கள். மேஃபீல்டுக்கு 4,627 + 860 − 270 = 5,217; அதை 404ஆல் வகுத்தால் 12.9. இதே வழியில் ஜாக்சனுக்கு 8.7, டார்னால்டுக்கும் ரோசனுக்கும் 8.5, ஆலனுக்கு 6.9.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கல்லூரிக் கணக்கில் சாக்கில் இழந்த யார்டு ஓட்டக் கணக்கிலிருந்து கழிக்கப்படும். என்எஃப்எல்லில் அது தனிக் கணக்கு. ஜாக்சன் 2017இல் ஓடிச் சேர்த்த 1,601 யார்டு என்பது சாக் இழப்பெல்லாம் போக மிஞ்சியது. உண்மையில் அவர் கால்களால் எடுத்தது அதைவிட அதிகம். மறுபக்கம், ஓட்டத்தில் வெறும் 20 யார்டு காட்டும் ஒருவர் நன்றாக ஓடுபவராகவே இருக்கலாம், சாக்குகள் அதைத் தின்றிருக்கும். சாக்குக்குத் தனி நெடுவரிசை போட்டுவிடுங்கள்.

படி 2: எண்ணில் எவ்வளவு ஆளுடையது, எவ்வளவு அணியுடையது?

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

மேஃபீல்டின் 12.9ஐப் பார்த்தால் மற்ற நால்வரும் போட்டியிலேயே இல்லை என்று தோன்றும். ஆனால் அதே ஓக்லஹோமாவில், அதே பயிற்சியாளர் லிங்கன் ரைலியின் கீழ் அடுத்தடுத்து ஆடியவர்களைப் பாருங்கள். சூத்திரம் எதுவும் போடாமல் ஒரு பாஸுக்கான வெறும் யார்டை எடுத்தால், 2017இல் மேஃபீல்டுக்கு 11.5, 2018இல் கைலர் மரேக்கு 11.6, 2019இல் ஜேலன் ஹர்ட்ஸுக்கு 11.3. உடல்வாகிலும் ஆடும் விதத்திலும் ஒருவரோடொருவர் ஒட்டாத மூன்று பேருக்கு ஏறக்குறைய ஒரே எண். அந்த 11 யார்டில் பெரும்பங்கு ஆட்டத் திட்டத்துக்கும் ரிசீவர்களுக்கும் முன்வரிசைக்கும் உரியது. மூவரும் திறமைசாலிகள், அதில் சந்தேகமில்லை. அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு போய் வேறு கல்லூரிக்காரரின் 8.5 பக்கத்தில் வைப்பதுதான் தவறு. தட்டைப் பிட்ச்சில் அடித்த சதத்தையும் பந்து எகிறும் பிட்ச்சில் எடுத்த அறுபதையும் நாம் ஒரே தட்டில் நிறுப்பதில்லை.

2018 ஏப்ரலில் மரே, ஹர்ட்ஸ் எண்கள் யாரிடமும் இல்லை. அப்போது கையில் இருக்கும் வழி, அதே கல்லூரியில் அதே பயிற்சியாளரிடம் முன்பு ஆடியவர் எவ்வளவு எடுத்தார் என்று பார்ப்பது. முன்னவரைவிட இவர் எவ்வளவு கூடுதல் என்பதைக் குறியுங்கள்.

எதிர்ப்பக்கத்துக்கு ஆலன். 2016இல் அவர் 373 பாஸில் 3,203 யார்டும் 28 டச்டவுனும் எடுத்தவர்; மறுவருடம் 1,812க்கும் 16க்கும் இறங்கினார். நடுவில் நடந்தது என்ன? ஓட்டக்காரர் பிரையன் ஹில், ரிசீவர் டேனர் ஜென்ட்ரி, டைட் எண்ட் (முன்வரிசை ஓரத்தில் நின்று பாஸும் பிடிப்பவர்) ஜேக்கப் ஹோலிஸ்டர், சென்டர் (ஸ்னாப் தருபவர்) சேஸ் ரூலியே என நால்வரும் கல்லூரியை விட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். எண் சரிந்ததற்கு இது ஒரு நியாயமான காரணம். ஆனால் இதை வைத்து எல்லாவற்றையும் மன்னித்துவிடவும் முடியாது. ஆட்கள் கூட இருந்த 2016இலும் அவருடைய பாஸ்களில் 56 சதவீதமே பிடிபட்டன. வலுவான எதிரணி வந்தபோது இன்னும் மோசம்: 2017இல் ஆரகனுக்கு எதிராக 24 பாஸில் 9 மட்டுமே பிடிபட்டு 64 யார்டு. ஆள் போனதால் வந்த குறை வேறு, ஆளிடமே இருந்த குறை வேறு. இரண்டையும் வேறு வேறு வரியில் எழுதுங்கள்.

வயதையும் இங்கேயே குறித்துவிடுங்கள். டிராஃப்ட் நாளில் மேஃபீல்டுக்கு 23, டார்னால்டுக்கு 20. இரண்டு வயதுக்கு மேல் மூத்தவர் இளையவர்களை எதிர்த்து ஆடிச் சேர்த்த எண்ணில் கொஞ்சம் தள்ளுபடி தேவை.

படி 3: விதிகள் வேறு என்பதை மறக்காதீர்கள்

மைதானத்தின் அகலம் இரண்டு இடத்திலும் 160 அடி. ஆனால் பந்தை வைக்கும் ஹாஷ் கோடுகளின் இடைவெளி கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் பதினெட்டரை அடி. கல்லூரியில் இடது ஹாஷிலிருந்து வலது எல்லைக்கோடு 100 அடி தள்ளி இருக்கிறது; என்எஃப்எல்லில் 89 அடி சொச்சம். இதனால் இரண்டு விளைவுகள். தூர ஹாஷிலிருந்து எதிர் எல்லைக்கோட்டை ஒட்டி ஒருவர் பந்தைத் தட்டையாகக் கொண்டுசேர்த்தால் அவர் கைவலுவுக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. அதே நேரம், அந்த அகலமான பக்கம் கல்லூரி அணிகளுக்கு நிறைய காலி இடம் தருகிறது. என்எஃப்எல்லுக்கு மேலே போனால் அந்த இடம் சுருங்கிவிடும்.

இன்னொன்று ஆர்பிஓ. ஸ்னாப்புக்குப் பிறகு ஒரே ஒரு டிஃபெண்டரைப் பார்த்து, ஓட்டமா பாஸா என்று முடிவெடுக்கும் ஆட்டம் அது. பாஸ் எறியும்போது முன்வரிசைக்காரர்கள் கல்லூரியில் 3 யார்டு வரை முன்னேறிப் போகலாம், என்எஃப்எல்லில் 1 யார்டுதான். கல்லூரியில் ஆர்பிஓவை நம்பியே வாழ்ந்தவருக்கு மேலே அந்தச் சுலபம் பாதியாகிவிடும்.

படி 4: நான்கு ஆட்டம், ஒவ்வொரு பாஸும்

சிறப்புக் காட்சித் தொகுப்புகளைத் தொடாதீர்கள். அவற்றில் எல்லோரும் மகாவீரர்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு முழு ஆட்டம் எடுங்கள்: அவர் சந்தித்ததிலேயே கடினமான டிஃபென்ஸ், தோற்ற ஆட்டம் ஒன்று, வெளியூர் ஆட்டம் ஒன்று, அவர் நன்றாக ஆடியது ஒன்று. ஓர் ஆட்டத்துக்கு இரண்டரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு வரி. எத்தனையாவது டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் எது), எவ்வளவு யார்டு தேவை, எந்த ஹாஷ், ஆட்ட வகை ஸ்கிரீனா (தடுப்பவர்களுக்குப் பின்னால் நிற்பவருக்குத் தரும் குறும் பாஸ்), ஆர்பிஓவா, ஓடுவதுபோல் ஏமாற்றி எறியும் பிளே-ஆக்ஷனா, நேராகப் பின்வாங்கி எறிந்ததா, ஸ்னாப்பிலிருந்து பந்து கையை விடும்வரை எத்தனை நொடி, எதிரணி நெருங்கி வந்து அழுத்தம் இருந்ததா, முதலில் பார்த்த ரிசீவருக்கே போனதா, கண் அடுத்தவருக்கு நகர்ந்ததா, பந்து எவ்வளவு ஆழம் போனது. ஆழத்தை ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னால், 0–9, 10–19, 20க்கு மேல் என்று நான்காகப் பிரித்தால் போதும்.

கடைசி நெடுவரிசை பந்து போய்ச் சேர்ந்த இடம். பிடிபட்டதா இல்லையா என்பதை எழுதாமல், நல்ல இடம், பிடிக்கக்கூடிய இடம், கெட்ட இடம் என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். நெஞ்சுக்கு நேராக வந்த பந்தை ரிசீவர் நழுவவிட்டால் அது நல்ல இடம்தான். முதுகுக்குப் பின்னால் போன பந்தை அவர் திரும்பி ஒற்றைக் கையில் பிடித்தால் அது கெட்ட இடம், ஐம்பதாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டியிருந்தாலும். தொடங்குபவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த நெடுவரிசையில்தான்: முடிவைப் பார்த்த பிறகு எறிந்ததைத் தீர்மானித்துவிடுகிறார்கள். பந்து ரிசீவரின் கையருகே வந்ததும் வீடியோவை நிறுத்தி, எழுதிவிட்டுப் பிறகு ஓடவிடுங்கள்.

தொலைக்காட்சிக் கோணத்தில் டிஃபென்ஸின் கடைசியில் நிற்கும் சேஃப்ட்டிகள் பல நேரம் திரைக்கு வெளியே போய்விடுவார்கள். மறுஒளிபரப்புக் கோணத்தில் தெரியவில்லையென்றால் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். ஊகித்து நிரப்பிய வரி மற்ற வரிகளையும் கெடுக்கும்.

முடித்ததும் ஸ்கிரீனையும் ஆர்பிஓவையும் பிளே-ஆக்ஷனையும் வடிகட்டிவிட்டு, நேராகப் பின்வாங்கி எறிந்தவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். படி 2இல் கலங்கலாக இருந்தது இங்கே தெளியத் தொடங்கும்.

எண்ணிக்கை சிறியது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். 20 யார்டுக்கு மேல் ஒருவர் 60 பாஸ் எறிந்து 27 பிடிபட்டால் 45 சதவீதம், 24 பிடிபட்டால் 40 சதவீதம். வித்தியாசம் மூன்றே பாஸ். அதை வைத்து ஒருவரை மேலே, ஒருவரைக் கீழே தள்ள முடியாது. டிரே லான்ஸ் கல்லூரியில் எறிந்ததே மொத்தம் 318 பாஸ்; 2021 டிராஃப்டில் மூன்றாவது ஆளாகப் போனார். அவ்வளவு குறைந்த பாஸ்களில் எந்தக் கண்ணுக்கும் உறுதியான பதில் கிடைக்காது. அப்படிப்பட்டவருக்கு மதிப்பெண்ணோடு 'உறுதி குறைவு' என்றும் எழுதுங்கள்.

படி 5: அழுத்தத்தில் என்ன செய்கிறார்?

அழுத்தம் வந்த வரிகளை மட்டும் தனியே எடுங்கள். அவற்றில் எத்தனை சாக்கில் முடிந்தன? ஐந்தில் ஒன்று என்பது நடுத்தரம். நான்கில் ஒன்றைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். பந்தைப் பிடித்துக்கொண்டே நிற்கும் பழக்கம் மேலே போனாலும் லேசில் போகாது. சாக் என்றாலே முன்வரிசையைத் திட்டுகிறோம், ஆனால் அதில் குவார்ட்டர்பேக்கின் பங்கு நிறைய. 2.5 நொடிக்குள் அழுத்தம் வந்ததா, 3.5 நொடி கழித்து வந்ததா என்பதை ஸ்டாப்வாட்ச் சொல்லிவிடும். முதலாவது முன்வரிசையின் கணக்கு, இரண்டாவது இவருடைய கணக்கு.

ஒரு எச்சரிக்கை: 'அழுத்தம்' என்பதை ஒவ்வொரு புள்ளிவிவரத் தளமும் ஒவ்வொரு விதமாக எண்ணுகிறது. ஒருவருக்கு ஒரு தளம், இன்னொருவருக்கு வேறு தளம் என்று எடுத்தால் ஒப்பீடே பாழ்.

படி 6: அளவுகளும் காம்பைனும்

இதற்கு அரை மணி நேரம் போதும். டிராஃப்டுக்கு முன் இண்டியானாபொலிஸில் நடக்கும் உடல்திறன் சோதனையான காம்பைனில் உயரம், எடை, கையகலம், 40 யார்டு ஓட்டம் எல்லாம் எடுப்பார்கள். கையகலத்தைப் பற்றி ஒவ்வொரு வருடமும் பெரிய பேச்சு எழும். ஜோ பர்ரோவின் கை 9 அங்குலம், பேட்ரிக் மஹோம்ஸின் கை ஒன்பதேகால். என்எஃப்எல்லில் இருவரும் எப்படி எறிகிறார்கள் என்பதை நாடே பார்க்கிறது. அளவு மிகவும் ஒதுங்கியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், மதிப்பெண்ணை வெட்டாதீர்கள்.

கல்லூரி வளாகத்தில் என்எஃப்எல் அணிகளுக்கு எறிந்து காட்டும் புரோ டேயில் எதிரே டிஃபென்ஸ் இல்லை, எறியும் வரிசை முன்பே எழுதப்பட்டது, ரிசீவர்களும் பழகியவர்கள். 2007இல் ஜமார்கஸ் ரஸலின் புரோ டேயைப் பார்த்து வாய்பிளக்காதவர் இல்லை. முதல் ஆளாக எடுத்த அணி 2010இல் அவரை விடுவித்தது. கைவலு எவ்வளவு என்று பார்க்க மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

படி 7: ஆளுக்கு நான்கு வரி

மற்றவர்களின் கணிப்புப் பட்டியலைப் படிப்பதற்கு முன்பே இதை எழுதித் தேதி போடுங்கள். இன்று செய்வது, செய்யாதது, குறை ஆளிடமா அணியிடமா, எந்த வகை அணிக்குப் பொருந்துவார் என்று நான்கு வரி. 2018 ஏப்ரலில் இருவருக்கு எழுதியிருக்கக்கூடியது இதோ:

ஆலன். 21 வயது, எந்த ஹாஷிலிருந்தும் எல்லைக்கோட்டுக்குக் கொண்டுசேர்க்கும் கை, பெரிய உடல், ஓடவும் செய்கிறார். இரண்டு பருவமும் 56 சதவீதம். குறுகிய பாஸ்களும் தவறுகின்றன. 2017 சரிவில் பாதி அணியின் கணக்கு, துல்லியம் அவர் கணக்கு. எறியும்போது கால் நிற்கும் இடத்தைத் திருத்த ஒன்றிரண்டு வருடம் பொறுக்கும் அணிக்கு மட்டும். உறுதி குறைவு, உச்சம் மிக அதிகம்.

ஜாக்சன். 21 வயது, மூன்று பருவ அனுபவம், ஒரு பாஸுக்கு 8.7, அதற்கு மேல் 1,601 யார்டு ஓட்டம். ஓரப் பாஸ்களில் இடம் தவறுகிறது. அவரை ரிசீவராக மாற்ற வேண்டும் என்று சிலர் பேசுவதற்கு இந்தத் தாளில் எந்த வரியிலும் ஆதாரம் இல்லை. அவர் ஓட்டத்தைச் சுற்றியே ஆட்டத்தை எழுதத் துணியும் அணிக்கு; டார்னால்டுக்கும் ரோசனுக்கும் கீழே வைக்க எண்களில் காரணம் காணோம்.