தயிர்ச் சட்டியும் 33 எண்களும்: புள்ளித்திரளில் வடிவத்தை அடையாளம் காணுதல்

தயிர் தீர்ந்ததும் சட்டியைக் கழுவித் தாருங்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். பூக்கன்று நடப் போகிறேன் என்றே அவர் நினைத்தார். மட்டக்களப்பில் தயிர்ச் சட்டிக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அடுக்கில் இருந்தவற்றுள் விளிம்பு ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு உடைந்த ஒன்றைத்தான் தேடி எடுத்தேன். காரணம் பின்னால் வரும்.

செய்யப்போவது இதுதான். சட்டியை நிமிர்த்தி வைத்து ஒரு தடவை, கவிழ்த்து வைத்து ஒரு தடவை கைப்பேசியால் சுற்றிவரப் படமெடுத்து, இரண்டு புள்ளித்திரள்களை, அதாவது மேற்பரப்பைக் காட்டும் முப்பரிமாணப் புள்ளிக் கூட்டங்களை, உருவாக்குகிறோம். பிறகு கணினியே அவற்றைப் பொருத்தி, வாயும் அடியும் உள்ள ஒரே சட்டியாக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றியுள்ள மேற்பரப்பு எப்படி வளைகிறது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். படங்களைப் புள்ளித்திரளாக்க வேறொரு மென்பொருள் வேண்டும்; அதற்குப் பிந்திய வேலைக்குப் பைதன் மொழியில் இயங்கும் ஓபன்3டி என்ற இலவச மென்பொருள் தொகுப்பு போதும்.

படி 1: படமெடுத்தல்

சட்டி நன்றாகக் காய்ந்திருக்கட்டும். ஈரச் சட்டி மினுங்கும். மினுங்கும் இடத்தில் புள்ளிகள் தாறுமாறாக விழும். நேர் வெயிலை விட விறாந்தை நிழல் நல்லது. கீழே துணி விரிக்காதீர்கள். நான் விரித்தேன், கச்சான் காற்று அதை அசைத்துக்கொண்டே இருந்ததில் முதல் நாள் வேலை வீணாயிற்று.

கவிழ்க்கும்போது விளிம்பு மேசையைத் தொடக் கூடாது. தொட்டால், மேசைப் புள்ளிகளை நீக்கும்போது விளிம்பும் சேர்ந்து போய்விடும். உள்ளே பால்மாப் பேணி ஒன்றை வைத்து அதன்மேல் கவிழ்த்தேன்.

பக்கத்தில் ஓர் அடிமட்டம் கட்டாயம். படங்களிலிருந்து கிடைக்கும் புள்ளித்திரளுக்கு உண்மை அளவு தெரியாது. இரண்டு தொகுதிகளும் வெவ்வேறு அளவில் வரும். அடிமட்டத்தின் 30 சென்ரிமீற்றரைத் திரையில் அளந்து, இரண்டையும் மில்லிமீற்றருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இதைத் தவறவிட்டால் கீழே வரும் எந்த எண்ணுக்கும் பொருளில்லை.

படி 2: துப்புரவு

மேசையை ஒரு தளமாகக் கண்டுபிடித்து நீக்குங்கள். பேணியையும் அடிமட்டத்தையும் கையால் வெட்டலாம். பிறகு, ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் 20 அயற்புள்ளிகளுக்கும் உள்ள சராசரித் தூரத்தைப் பார்த்து, மொத்தச் சராசரியை விட நியம விலகலின் இரு மடங்குக்கு மேல் விலகி நிற்பவற்றை நீக்குங்கள். கடைசியாக, 2 மில்லிமீற்றர் பெட்டிக்கு ஒரு புள்ளி என ஐதாக்குங்கள்.

படி 3: செவ்வன்

ஒரு புள்ளியைச் சூழ்ந்த புள்ளிகளுக்கு நெருக்கமாகப் பொருந்தும் சிறு தளத்தைக் கண்டு, அதற்குச் செங்குத்தான திசையை எடுத்தால் அதுவே செவ்வன். சூழல் எவ்வளவு பெரியது என்பதுதான் கேள்வி. சிறிதாக வைத்தால் இரைச்சல், அதாவது புள்ளிகளின் இடத்தில் வரும் சிறு பிழைகள், செவ்வனை ஆட்டிவைக்கும். பெரிதாக வைத்தால் விளிம்பு மழுங்கும்.

சட்டியில் இன்னொரு பொறி உண்டு. என் சட்டியின் சுவர்த் தடிப்பு 8 மில்லிமீற்றர். சூழலின் ஆரையை 10 என்று வைத்தபோது வெளிச்சுவரின் புள்ளிகளோடு உட்சுவரின் புள்ளிகளும் கலந்து, செவ்வன்கள் கண்டபடி திரும்பின. ஆரை தடிப்பை விடக் குறைவாக இருக்க வேண்டும், 5 வைத்தேன். 2 மில்லிமீற்றர் இடைவெளியில் அந்த வட்டத்துக்குள் ஏறத்தாழ 20 புள்ளிகள் விழும், அது போதும். செவ்வன்கள் எல்லாம் வெளிப்பக்கம் நோக்குகின்றனவா என்றும் பாருங்கள். கவிழ்த்த படங்களில் சட்டியின் உட்புறம் தெரியாது. ஆகவே நிமிர்ந்த திரளிலும் உட்சுவரை நீக்கிவிடுங்கள்.

படி 4: 33 எண்கள்

ருசு, புளோடோவ், பீட்ஸ் ஆகிய மூவர் 2009இல் வெளியிட்ட எஃப்பிஎஃப்எச் என்ற முறையை எடுத்துக்கொள்வோம். ஒரு புள்ளியின் சூழல் எப்படி வளைகிறது என்பதை எண்களால் விவரிக்கும் முறை இது. ஒரு புள்ளியையும் அதன் அயற்புள்ளி ஒன்றையும் சோடியாக்குங்கள். முதற்புள்ளியின் செவ்வனையும் இரண்டையும் இணைக்கும் கோட்டையும் கொண்டு மூன்று அச்சுகள் அமைத்து, இரண்டு செவ்வன்களும் எப்படிச் சாய்ந்திருக்கின்றன என்பதை மூன்று கோண அளவுகளாக எழுதலாம். அயற்புள்ளிகள் அனைத்துக்கும் இப்படிச் செய்து, ஒவ்வோர் அளவையும் 11 கட்டங்களில் எண்ணி வலையுருவரையமாக்கினால் 33 எண்கள். அயலவரின் வலையுருவரையங்களையும் தூரத்துக்கேற்ற நிறையோடு சேர்த்துக்கொண்டால் விவரிப்பு முடிந்தது. எல்லாமே தம்முள் ஒப்பிட்ட கோணங்கள் என்பதால் சட்டியைக் கவிழ்த்தாலும் எண்கள் மாறா.

இனிக் கையால் ஒரு கணக்கு. மேசை போன்ற தட்டையான இடத்தில் மூன்று அளவுகளும் பூச்சியம். எல்லாம் நடுக்கட்டத்தில், அதாவது 6, 17, 28ஆம் எண்களில் குவியும். இப்போது சட்டியின் வயிறு. வளைவின் ஆரை 100 மில்லிமீற்றர் என்று கொள்வோம். 10 மில்லிமீற்றர் தள்ளியுள்ள புள்ளியின் செவ்வன் 0.1 ஆரையன், அதாவது 5.7 பாகைதான் திரும்பியிருக்கும். இந்தத் திருப்பத்தைச் சொல்லும் அளவில் 360 பாகையை 11ஆகப் பிரித்தால் ஒரு கட்டம் 32.7 பாகை, நடுக்கட்டத்தை விட்டு வெளியேற 16 பாகைக்கு மேல் வேண்டும். மற்ற இரண்டு அளவுகளும் நடுவை விட்டு நகர்வதில்லை. ஆக, விவரிப்புக்கு 10 மில்லிமீற்றர் ஆரையில் பார்க்கும் கணினிக்குச் சட்டியின் வயிறும் மேசையும் ஒன்றுதான்!

இன்னும் மோசம்: இரைச்சலால் ஒரு செவ்வன் 10 பாகை பக்கவாட்டில் ஆடினால் மற்ற இரண்டு அளவுகளில் ஒன்று 0.17 ஆகிவிடும். அந்த அளவு பாகையில் அல்லாமல் -1 முதல் 1 வரை ஓடுவதால், அங்கே நடுக்கட்டத்தின் எல்லை 0.09. வளைவால் முடியாததை இரைச்சல் செய்துவிடுகிறது. விவரிப்பின் ஆரையை 25 ஆக்கினால் வயிறும் மெல்ல வாய் திறக்கும். ஆனால் திரளின் ஓரங்களில் பாதிச் சூழல் வெறுமையாகி விவரிப்பு கெடும். நான் 10இலேயே நின்று, வயிற்றைக் கைவிட்டேன். தட்டையான இடத்தின் விவரிப்பிலிருந்து மிகவும் வேறுபடும் புள்ளிகளை, அதாவது விளிம்பு, உடைவு, அடிமூலை ஆகியவற்றை மட்டும் பொருத்தலுக்கு அனுப்பினேன்.

படி 5: சோடி சேர்த்தல்

33 எண்களும் மிக நெருங்கிய புள்ளியை மற்றத் திரளில் தேடுங்கள். இருவரும் ஒருவரையொருவர் தெரிவு செய்தால் மட்டும் சோடியை ஏற்றுக்கொள்ளுங்கள். அப்படியும் பெரும்பாலானவை பிழையாகவே இருக்கும், பதற வேண்டாம். ரான்சாக் என்ற முறை எழுந்தமானமாக மூன்று சோடிகளை எடுத்து, அவை சொல்லும் திருப்பத்தை முழுத் திரளிலும் சோதிக்கும். பத்தில் ஒரு சோடிதான் சரி என்றாலும், மூன்றும் சரியாக அமைய ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. ஏறத்தாழ 4,600 முயற்சிகளில் 99 சதவீத நம்பிக்கை கிடைக்கும். கணினிக்கு இது பெரிய வேலையல்ல. 3 மில்லிமீற்றருக்குள் வருவதைப் பொருத்தமாகக் கொண்டு, கிடைத்த திருப்பத்தை, மிக நெருங்கிய புள்ளிகளைத் திரும்பத் திரும்பப் பொருத்தும் ஐசிபி முறையால் நுணுக்கமாகச் சரிசெய்யுங்கள்.

முதல் முடிவு மிக அழகாக வந்தது, பொருந்திய புள்ளிகளின் விகிதமும் நன்றாகவே இருந்தது. ஆனால் சட்டியில் உடைவைக் காணவில்லை. சக்கரத்தில் வனைந்த சட்டி எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோலவே இருக்கும் அல்லவா? ஒரு திரள் பிழையான கோணத்தில் உட்கார்ந்து, மற்றதன் உடைவைத் தன் முழு விளிம்பால் மூடியிருந்தது. உடைந்த சட்டியைக் கணினி ஒட்டித் தந்துவிட்டது! விகிதத்தை மட்டும் பார்த்திருந்தால் நானும் நம்பியிருப்பேன். உடைவைச் சுற்றி 3 சென்ரிமீற்றருக்குள் உள்ள புள்ளிகளிலிருந்து ஒரு சோடியாவது கட்டாயம் வர வேண்டும் என்று நிபந்தனை போட்டபின் சரியாயிற்று. உடையாத சட்டிதான் இருக்கிறதென்றால் சிறு களிமண் உருண்டை ஒன்றை விளிம்புக்குக் கீழே ஒட்டிக்கொள்ளுங்கள்.

சட்டி கைவந்தவர்கள் புளியந்தீவுக் கோட்டைக்குப் போகலாம். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை அது. புள்ளி இடைவெளியை 5 சென்ரிமீற்றராகவும் விவரிப்பின் ஆரையை 25 ஆகவும் வைத்துத் தொடங்குங்கள். நான்கு மூலைக் கொத்தளங்களும் சட்டி விளிம்பைப் போலவே ஏமாற்றப் பார்க்கும். ஒவ்வொரு தொகுதிப் படத்திலும் வாயிலோ மதிலில் கண்ணில் படும் ஒரு சிதைவோ விழுமாறு எடுங்கள். நீளமான அளவு நாடா ஒன்றும் கொண்டுபோங்கள், அங்கே அடிமட்டம் போதாது.