மனநல வார்டுக்குப் போகும் நர்சிங் பிள்ளைகள் செய்யும் தவறுகள்

எங்கள் ஊர்ப்பக்கம் ‘கோட்டி’ என்றால் பைத்தியம். அந்தச் சொல்லை யாரும் யோசித்துச் சொல்வதில்லை. “ஒனக்கு என்ன கோட்டியால?” என்று அம்மா மகனைக் கேட்பாள், சிரித்துக்கொண்டு போய்விடுவான். அதே சொல் வார்டுக்குள் வரும்போதுதான் வினை. சைக்கியாட்ரி போஸ்டிங்குக்கு வரும் மாணவ மாணவிகளிடம் நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி ஒரே வேரில் முளைப்பவை. ஆளைக் ‘கோட்டி’ என்று முடிவு கட்டியாயிற்று, அப்புறம் அவர் என்ன செய்தாலும் அது நோய்தான்.

ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தது. நாங்குநேரிப் பக்கத்துப் பையன், இருபது வயது இருக்கும். முந்தின நாள் ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை ஊசியாகப் போட்டிருந்தார்கள். காலையில் கழுத்து ஒருபக்கம் திருகி, கண் மேலே செருகி நிற்கிறான். “கோயில் கொடைக்கு வாறோம்னு நேர்ந்துட்டுப் போகல, மாடன் சாமி கேக்குறான்” என்று பாட்டி அழுகிறாள். டூட்டியில் இருந்த மாணவி ‘நடிக்கிறார்’ என்று நோட்டில் எழுதினாள். இரண்டு பேரும் தப்பு. அது மருந்தால் வரும் தசை இறுக்கம், டிஸ்டோனியா. வயதுப் பையன்களுக்கு, மருந்து தொடங்கிய முதல் சில நாட்களில் அதிகம் வரும். உடனே டாக்டரைக் கூப்பிட்டு, அவர் சொல்லும் புரோமெத்தசின் மாதிரியான ஊசியைப் போட்டால் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அதுவரை அவன் முழு நினைவோடு, வலியோடு இருக்கிறான் என்பதை மறக்கக் கூடாது. குரல்வளைத் தசை இறுகினால் மூச்சுக்கே ஆபத்து, அதனால் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

இதைவிடக் கண்ணில் படாதது அகதீசியா, இதே மருந்துகளால் வரும் இருப்புக்கொள்ளாமை. ஆள் உட்கார மாட்டார், வராந்தாவில் போவதும் வருவதுமாக இருப்பார். ‘வெறி கூடுது, இன்னொரு ஊசி போடலாமா’ என்று மாணவர்கள் கேட்பார்கள். போட்டால் இன்னும் மோசமாகும், ஏனென்றால் அதே மருந்துதான் காரணம். கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். “அண்ணாச்சி, மனசு பதறுதா, இல்ல காலு சும்மா இருக்க மாட்டேங்குதா?” காலுதான் என்றால் அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி டாக்டருக்குச் சொல்லுங்கள்.

மூன்றாவது ஒன்று உண்டு, அதற்குத் தாமதமே கூடாது. இந்த மருந்துகள் எடுப்பவருக்குக் கடுங்காய்ச்சல், உடம்பு கட்டைபோல விறைப்பு, குழப்பம், கொட்டும் வியர்வை சேர்ந்து வந்தால் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் டாக்டரை ஓடிப்போய்க் கூப்பிடுங்கள். குளோசபின் என்ற மனநோய் மருந்து எடுப்பவருக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தாலும் அப்படித்தான். வெள்ளணு குறைந்திருக்கலாம், ரத்தம் பார்த்தாக வேண்டும்.

சரி, பேச்சுக்கு வருவோம். காதில் குரல் கேட்கிறது என்பவரிடம் “அப்படி ஒண்ணும் இல்ல” என்று வாதாடுவது ஒரு தவறு. “ஆமா ஆச்சி, எனக்கும் கேக்கு” என்று ஒத்து ஊதுவது அதைவிடப் பெரிய தவறு. “எனக்குக் கேக்கல ஆச்சி. ஆனா ஒங்களுக்குக் கேக்கு, பயமா இருக்கும்லா?” என்றால் போதும். அப்புறம் அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். தன்னையோ மற்றவரையோ ஏதாவது செய்யச் சொல்கிறது என்றால் ஷிப்ட் முடியும்வரை வைத்திருக்காமல் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கப் பயப்படாதவர்களைக் காண்பது அரிது. கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம். அப்படி ஆகாது. நேராகக் கேட்டால் பலருக்கு நெஞ்சுப் பாரம்தான் இறங்கும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். சிலருக்கு மனம் தேறும் முன்பே உடம்பில் தெம்பு வந்துவிடும். ‘இன்னிக்கு நல்லா இருக்கார்’ என்று கண்காணிப்பைத் தளர்த்துவது அந்த நேரத்தில்தான் நடக்கும். வீட்டார் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து “தெரியாம மாத்திரைய முழுங்கிட்டா” என்பார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது, தண்டிக்கக் கூடாது என்கிறது. அதைச் சொல்லிவிட்டு அப்புறம் கேளுங்கள். வீட்டுக்குப் போகும்போது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசியின் 14416 எண்ணை எழுதிக் கொடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

இந்தப் பாடம் மனநல வார்டோடு முடிவதில்லை. எலும்பு வார்டில் இடுப்பு ஒடிந்து வந்தவர் மூன்றாம் நாள் இரவு போர்வையில் இல்லாத எறும்பைப் பொறுக்குவார், கை நடுங்கும், வியர்க்கும். ‘மூளை கலங்கிட்டு’ என்று எழுதாதீர்கள், குடி நின்றதால் வந்த டெலிரியமாக, அதாவது திடீர்க் குழப்ப நிலையாக இருக்கலாம். நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்தில் வலிப்பும், இரண்டிலிருந்து நான்கு நாளில் இந்தக் குழப்பமும் வரும். சேர்க்கும்போதே “கடைசியா எப்போ குடிச்சீங்க?” என்று கேட்டிருக்க வேண்டும், பொண்டாட்டி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து. குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) போடச் சொல்லியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் நம் வெயிலுக்கு ஆகாத மருந்து என்றே சொல்லலாம். ரத்தத்தில் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லி ஈக்விவலன்ட் வரை இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் விஷமாகலாம். அக்னி நட்சத்திரத்தில் வயலில் வியர்த்துக் கொட்டுவதும், பிரஷருக்காக வீட்டில் திடீரென உப்பைக் குறைப்பதும், முழங்கால் வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுவதும் அளவை ஏற்றிவிடும். வாந்தி, பேதி, கை உதறல், குழறும் பேச்சு வந்தால் ‘சூடு பிடிச்சிருக்கு’ என்று மோர் கொடுத்து அனுப்பக் கூடாது. ரத்தம் எடுப்பது கடைசி வேளை மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து. ஆனால் விஷ அறிகுறி இருந்தால் அந்த 12 மணி நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக வாய். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் இரண்டு மாணவிகள் அன்றைய கேஸைப் பேசிக்கொண்டு போனார்கள். பெயர் சொல்லவில்லை. ஊரையும், பெண்ணின் வயதையும், அப்பா செய்யும் வேலையையும் சொன்னார்கள். சேரன்மகாதேவி தாண்டும் முன் பின்சீட்டில் இருந்தவருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. மறுநாள் காலை அப்பா வந்து பாதி வைத்தியத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.