சென்னை–சிங்கப்பூர்: நேரக் கணக்கில் எங்கே சறுக்குகிறோம்?

இரவு 11 மணிக்குச் சென்னையில் புறப்பட்டு, காலை 5.45-க்குச் சிங்கப்பூரில் இறங்குவதாக டிக்கெட் சொல்கிறது. ஏழு மணி நேரமா என்று மலைத்துப்போய்க் கழுத்துத் தலையணை வாங்கியவர்களை எனக்குத் தெரியும். திரும்பும் டிக்கெட்டிலோ இரவு 8-க்குக் கிளம்பி 9.30-க்குச் சென்னை! உண்மையில் இரண்டுமே ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம்தான். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது அதைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள்.

1981 வரை இந்த வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். மலேசியா நேரத்தை மாற்றியபோது சிங்கப்பூரும் கூடவே அரை மணி முன்னுக்குத் தள்ளிக்கொண்டது. அதனால்தான் அங்கே ஏழு மணி வாக்கில் விடிகிறது. ஆறரைக்கு வெளியே வந்தாலும் இருட்டாகவே இருக்கும்.

அடுத்தது வகுத்தல் கணக்கு. தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர், விமான வேகம் 900. ஆக மூன்றே கால் மணி நேரம் என்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் அதில் சேரவில்லை. சில தளங்கள் 1,800 என்றும் சில 1,570 என்றும் காட்டும். முன்னது மைல், பின்னது கடல் மைல். தூரம் ஒன்றுதான்.

காற்றைப் பற்றி இந்த வழித்தடத்தில் அதிகம் கவலைப்பட வேண்டாம். டெல்லி–டோக்கியோ என்றால் கதை வேறு. மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்று போகும்போது தள்ளிவிடும், வரும்போது எதிர்த்து நிற்கும். திரும்பும் பயணம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல்கூட நீளலாம்.

பணத்தைக் கரைக்கும் தவறு நள்ளிரவுத் தவறுதான். எங்கள் சித்தப்பாவுக்கு 15-ஆம் தேதி 00.40-க்கு விமானம். 15-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு, பெட்டி படுக்கையோடு மீனம்பாக்கம் போய் நின்றார். விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருந்தது. அவர் படிக்காதவர் அல்ல, வங்கியில் வேலை பார்த்தவர். '15' என்ற எண்ணைப் பார்த்தவர் '00'-ஐ இரவு 12 என்று படித்தார். அந்தப் பன்னிரண்டு எந்த நாளின் தொடக்கம் என்று யோசிக்கவில்லை. டிக்கெட் கையில் வந்ததுமே காலண்டரில் 14-ஆம் தேதிக் கட்டத்தில், விமான நேரத்தை அல்ல, "இரவு 8.30, வீட்டிலிருந்து கிளம்பணும்" என்று எழுதிவிடுங்கள். மூன்று மணி நேரம் முன்னால் போகச் சொல்வது சும்மா இல்லை. பெட்டி போடும் கவுன்ட்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள்.