"சான்றிதழ் இருக்கு மாமா": பிரபலங்களின் பொருட்களை ஏலத்தில் எடுக்கும்போது விடும் தவறுகள்

போன கிழமை திருகோணமலைக் கடற்கரையில் கச்சான் கொறித்துக்கொண்டு இருந்தபோது மருமகன் போனை நீட்டினான். திரையில் ஒரு கிரிக்கெட் மட்டை. பிடிக்குக் கீழே கறுப்பு மையில் பெரிய வீரர் ஒருவரின் கையெழுத்து. "மாமா, இன்னும் இரண்டு மணித்தியாலத்தில ஏலம் முடியுது. சான்றிதழும் இருக்கு. கேட்டுப் பார்க்கட்டோ?"

வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு சரை கச்சான் வாங்கவேண்டி வந்தது.

அவன் மட்டையைப் பார்த்தான். நான் அது வந்த வழியைக் கேட்டேன். இந்தச் சந்தையில் பொருளுக்கென்று ஒரு விலையும் கிடையாது. 2011இல் இங்கிலாந்தில் பீட்டில்ஸ் இசைக்குழுப் பாடகர் ஜோன் லெனனின் கடைவாய்ப்பல் ஒன்று 19,500 பவுண்டுக்குப் போனது. எடுத்தவர் கனடாவில் ஒரு பல் வைத்தியர். சூத்தை விழுந்து நிறம் மாறிய பல், மரபணுச் சோதனைகூடச் செய்யமுடியாத அளவுக்கு நொய்ந்தது. அப்படியானால் அவர் எதற்குக் காசு கொடுத்தார்? லெனன் அதைத் தன் வீட்டில் வேலை செய்த பெண்ணிடம் கொடுத்தார், அந்தக் குடும்பமே விற்பனைக்குக் கொண்டுவந்தது என்ற அறுபடாத தொடருக்குத்தான். வில்லியம் ஷட்னர் என்ற நடிகர் 2006இல் தன் சிறுநீரகக் கல்லையே 25,000 டொலருக்கு விற்று, காசைத் தர்ம காரியத்துக்குக் கொடுத்தார். கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் உடம்பிலிருந்து எடுத்தவரே விற்கும்போது மூலத்தில் என்ன சந்தேகம்?

"அதுக்குத்தானே சான்றிதழ்?" என்றான் மருமகன். அடுத்த பிசகு அங்கேதான். கள்ளக் கையெழுத்துப் போடத் தெரிந்தவனுக்குக் கள்ளச் சான்றிதழ் அச்சடிப்பது பெரிய வேலையா? 1990களின் கடைசியில் அமெரிக்காவின் மத்திய புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ ஒரு மோசடிக் கும்பலைப் பிடித்தது. அவர்களிடம் அகப்பட்டவற்றில் அன்னை தெரேசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால்களும் இருந்தன. அந்தக் கும்பல் விற்ற பொருட்களோடும் சான்றிதழ்கள் போயிருந்தன. ஆகவே தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, எழுதியவர் யார், பிழையென்றால் காசைத் திருப்பித் தருவாரா என்று பாருங்கள். விற்பவரே எழுதிக்கொண்ட சான்றிதழ், மாப்பிள்ளை தனக்குத்தானே கொடுக்கும் நற்சாட்சிப் பத்திரம் மாதிரி.

நானும் ஏமாந்தவன்தான். கையெழுத்திட்ட படம் ஒன்றை இணையத்தில் ஆசையாக எடுத்தேன். ஆறு மாதம் சுவரில் தொங்கியது. ஒருநாள் முத்திரை பார்க்கும் பூதக்கண்ணாடியை அதில் வைத்தால், கையெழுத்து முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள். படத்தோடு சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள். உண்மை மை என்றால் கோடு தொடர்ச்சியாக இருக்கும், சரித்துப் பிடித்தால் படத்தின் மினுக்கத்திலிருந்து வேறாகத் தெரியும். இயந்திரம் போட்ட கையெழுத்து இன்னொரு வகை: மை உண்மையானது, ஆனால் கோடு முழுக்க ஒரே அழுத்தம். அப்படிப்பட்ட இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அச்சாகப் பொருந்தும். மனிதக் கை அப்படி எழுதாது. மட்டை என்றால் மரத்தின் கோடுகளைப் பார்க்கவேண்டும். அவை மட்டைக்கு மட்டை மாறும், ஆட்டத்தில் எடுத்த படங்களோடு ஒப்பிடலாம்.

காசு விஷயத்தில் பலர் கோட்டைவிடுவது கணக்கில். சுத்தியல் விழும் விலை கடைசி விலை அல்ல. இங்கிலாந்தில் 1,000 பவுண்டுக்கு ஏலம் விழுந்தால், வாங்குபவர் கட்டவேண்டிய கொமிஷன் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1,250. அந்தக் கொமிஷனுக்கு 20 சதவீத வரி: 1,300. இணையத் தளம் வழியாகக் கேட்டால் அதற்கும் கட்டணம் வரலாம். பிறகு பொதி கட்டும் கூலி, விமானக் கூலி, காப்புறுதி. கொழும்பில் சுங்கம் "பழைய சீப்புத்தானே" என்று விடாது. நீங்கள் கொடுத்த விலையோடு கூலியும் காப்புறுதியும் சேர்த்துத்தான் மதிப்புப் போடும்.

சீப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. 2023இல் குயீன் இசைக்குழுப் பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் வெள்ளி மீசைச் சீப்புக்கு ஏலக்காரர் போட்ட மதிப்பு 400 முதல் 600 பவுண்ட். போன விலை 152,400. "மதிப்பு 500தானே, நமக்கும் கட்டும்" என்று இறங்கக்கூடாது. பட்டியலில் போடும் மதிப்பில் கொமிஷன் சேராது. பத்திரிகையில் வரும் விலையில் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். இரண்டையும் நேராக ஒப்பிட்டால் பிழைக்கும்.

எடுத்துவிட்டால் வீட்டுக்கு வந்துவிடும் என்று நினைப்பது அடுத்தது. இதற்கு எங்கள் ஊரிலிருந்தே ஒரு நூல் பிடிக்கலாம். டொக்யார்ட் வீதிப் பக்கத்துப் பழைய சேமக்காலையில், 1852இல் பர்மாவில் இறந்த கடற்படை அட்மிரல் சார்ள்ஸ் ஓஸ்டின் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நாவலாசிரியை ஜேன் ஓஸ்டினின் தம்பி. அந்த அக்காவின் டர்கொயிஸ் என்ற நீலப்பச்சைக் கல் பதித்த மோதிரத்தை 2012இல் அமெரிக்கப் பாடகி கெலி கிளார்க்சன் 152,450 பவுண்டுக்கு எடுத்தார். பிரித்தானிய அரசு நாட்டைவிட்டுக் கொண்டுபோகத் தற்காலிகத் தடை போட்டது. 2013இல் ஜேன் ஓஸ்டின் நினைவு இல்லம் காசு திரட்டி மோதிரத்தை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டது. பாடகிக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்? ஏற்றுமதி அனுமதி தேவையா என்று விலை கேட்பதற்கு முன் விசாரியுங்கள். தந்தப் பிடியோ ஆமை ஓடோ உள்ள பொருள் என்றால் தொடவே வேண்டாம்.

சார்ள்ஸ் தன் பரிசுப் பணத்தில் அக்காமார் இருவருக்கும் புஷ்பராகச் சிலுவைகள் வாங்கிக் கொடுத்தவர். "இப்படிச் செலவழித்ததற்கு அவனை நன்றாக ஏசவேண்டும்" என்ற பொருளில் ஜேன் 1801இல் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. மூலம் என்றால் இப்படி இருக்கவேண்டும். விற்கும் எண்ணமே இல்லாத காலத்தில் எழுதிய ஒரு வரி, பின்னால் எழுதும் பத்துச் சான்றிதழுக்குச் சமம்.

பொருள் வந்துசேர்ந்த பிறகும் கெடுக்க வழிகள் உண்டு. முதலாவது, கழுவுவது. நிர்வாணா இசைக்குழுப் பாடகர் கேர்ட் கோபேனின் கம்பளிச் சட்டை 2019இல் 334,000 டொலருக்குப் போனபோது கறையும் சிகரெட் சுட்ட ஓட்டையும் அப்படியே இருந்தன, தோய்த்ததே இல்லை. அந்த அழுக்குக்கும் சேர்த்துத்தான் விலை. இரண்டாவது, நம் ஊரில் எதைக் கண்டாலும் லமினேட் செய்யும் பழக்கம். கையெழுத்துப் படத்தை லமினேட் செய்தால் அதன் கதை அன்றோடு முடிந்தது. இங்கே உப்புக்காற்று வேறு. வெள்ளி கறுக்கும், தோல் பூஞ்சணம் பிடிக்கும், வெயில் படும் சுவரில் மை வெளுக்கும். பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். இறுக்கமாக மூடும் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, மழைக்காலத்தில் அடிக்கடி திறந்து பாருங்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மருமகன் விற்பவருக்கு ஒரே ஒரு கேள்வி எழுதினான்: "இந்த மட்டை உங்களிடம் எப்படி வந்தது?" கச்சான் கோதைத் தட்டி எழும்பும்போது பதில் வந்தது. "கவலைப்படாதீர்கள், சான்றிதழ் இருக்கிறது." போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.