காரில் சாவியைத் திருப்பினால் மட்டும் கேமரா இயங்கும்படி மின் இணைப்பு கொடுக்கும் முறை

காரில் புதிதாகப் பொருத்தும் கேமராவோ ஜிபிஎஸ் கருவியோ சாவியைத் திருப்பியதும் இயங்கி, சாவியை எடுத்ததும் அணைந்துவிட வேண்டும். நேரடியாக பேட்டரியில் இணைத்துவிட்டால் இரவும் பகலும் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 0.3 ஆம்பியர் இழுக்கும் ஒரு கேமரா நான்கு நாளில் ஏறத்தாழ 29 ஆம்பியர்-ஹவர் (பேட்டரியில் சேரும் மின்சாரத்தின் அளவு) தீர்த்துவிடும். பல சிறிய கார்களின் பேட்டரி மொத்தமே 35 ஆம்பியர்-ஹவர்தான் என்பதால், மதுரை ரயில் நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வைகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் வருகிறவர், திரும்பியதும் ஸ்டார்ட் ஆகாத வண்டியோடு மல்லுக்கட்ட நேரும்.

கேமரா பெரும்பாலும் 5 வோல்ட்டில் இயங்குவது. காரில் இருப்பதோ 12 வோல்ட், என்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி வரும். எனவே வோல்ட்டைக் குறைத்துத் தரும் கன்வெர்ட்டர் கட்டாயம் வேண்டும். அதனுடன் பியூஸ் டேப் (பியூஸ் குழியில் செருகி, பழைய பியூஸையும் புதிய பியூஸையும் சேர்த்துத் தாங்கி, புது ஒயருக்கு மின்சாரம் எடுத்துத் தரும் இணைப்பான்), 2 அல்லது 3 ஆம்பியர் பியூஸ், வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டர், எர்த்துக்கு ஒரு வளைய லக் (ஒயர் நுனியில் பொருத்தும் உலோக வளையம்) ஆகியவை போதும். ஓடுகிற ஒயரின் தோலைச் சீவி, புது ஒயரை முறுக்கி, ஒட்டும் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடும் வழக்கத்தை அறவே தவிர்க்க வேண்டும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில், மூடிய காருக்குள் அந்த ஒட்டும் டேப்பின் பசை இளகி வழிந்து, ஒயர் வெளியே தெரியத் தொடங்கும்.

நேரம் செலவிட வேண்டிய இடம் பியூஸ் பாக்ஸ்தான். ஏர்பேக், ஏபிஎஸ், என்ஜின் கட்டுப்பாடு ஆகியவற்றின் பியூஸ்களைத் தொடவே கூடாது. வைப்பர், பின்கண்ணாடி ஹீட்டர், சிகரெட் லைட்டர் சாக்கெட் போன்றவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அந்தப் பியூஸைப் பிடுங்கிவிட்டு, மீட்டரின் கறுப்பு முனையை வண்டியின் பாடியில் வைத்து, சிவப்பு முனையால் அந்தக் குழியின் இரண்டு பக்கங்களையும் தொட்டுப் பார்க்க வேண்டும். சாவி ஆனில் இருக்கும்போது 12 வோல்ட் காட்டி, ஆஃப் செய்ததும் பூஜ்யத்துக்கு இறங்கினால் அது நமக்கு உகந்த இடம். சில புதிய கார்களில் சாவியை எடுத்த பிறகும் சில நிமிடங்கள் மின்சாரம் நிற்காது என்பதால், கதவைப் பூட்டி, சற்றுப் பொறுத்து மீண்டும் ஒருமுறை அளந்தால்தான் உண்மை தெரியும்.

அளக்கும்போதே எந்தப் பக்கத்தில் மின்சாரம் வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பியூஸ் டேப்பின் இரண்டு கால்களில் ஒன்று இரு பியூஸ்களுக்கும் பொதுவானது; அந்தக் கால்தான் மின்சாரம் வரும் பக்கத்தில் இறங்க வேண்டும். புதிய பியூஸை மட்டும் பியூஸ் டேப்பில் செருகி, மீட்டரை பஸ்ஸர் நிலையில் வைத்துச் சோதித்தால், டேப்பின் ஒயரோடு சேர்ந்து ஒலி எழுப்பும் காலே அது. மாற்றிச் செருகினாலும் கேமரா இயங்கத்தான் செய்யும். ஆனால் அதன் சுமையும் பழைய பியூஸ் வழியாகவே போகும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

இணைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். கன்வெர்ட்டரின் கறுப்பு ஒயரை லக் வைத்து கிரிம்ப் செய்து (அழுத்தி இறுக்கி), பெயின்ட் இல்லாத இரும்பில் பதிந்திருக்கும் போல்ட்டில் இறுக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் ஏறிய ஸ்க்ரூவில் கட்டினால் எர்த் கிடைக்காது. கன்வெர்ட்டரும் ஒயர்களும் சேர்ந்து வரும் கிட்டில் மஞ்சள் ஒயரும் இருந்தால், அது பெரும்பாலும் நிறுத்திய வண்டியைக் கண்காணிப்பதற்கான நேரடி மின்சாரத்துக்குரியது. அந்த வசதி வேண்டுமென்றால், பேட்டரி 12 வோல்ட்டை ஒட்டி இறங்கியதும் தானே துண்டித்துக்கொள்ளும் கிட்டையே வாங்க வேண்டும்.

ஒயரைக் கண்ணாடி ஓரத் தூண் வழியாக ஏற்றும்போது, அங்கே கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் அதற்குப் பின்புறமாகவே கொண்டுபோக வேண்டும். முன்புறமாகப் போனால் விபத்தின்போது ஏர்பேக் விரிவதற்கு அது தடையாகிவிடும். கேமராவையும் லித்தியம் பேட்டரிக்குப் பதில் கெப்பாசிட்டர் உள்ளதாக வாங்கினால் நம் வெயிலைத் தாங்கும்.

எல்லாம் முடிந்து நெகட்டிவ் முனையை மாட்டிய பின், ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த நொடியில் கேமரா ஒருமுறை அணைந்து எரிந்தால் அது பழுதல்ல. அப்போது சில இணைப்புகளுக்கு மின்சாரம் நிறுத்தப்படுகிறது. கடைசியாக, எந்தக் குழியில் எத்தனை ஆம்பியர் பியூஸ் சேர்த்தீர்கள் என்று பியூஸ் பாக்ஸ் மூடியின் உட்புறம் எழுதி ஒட்டிவிட்டால், பின்னாளில் வண்டியைப் பார்க்கும் எலக்ட்ரீஷியன் தேடி அலைய மாட்டார்.