போலிஷ் பெண்பால் பன்மை: கடைசி மெய்யைப் பாருங்கள்

போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் என் தெருமுனை ரொட்டிக் கடையில்தான் போலிஷ் பன்மை எனக்குப் பிடிபட்டது. புவ்கா என்றால் பன். முதல் நாள் இரண்டு பன் கேட்க, "த்வியே புவ்கு" என்றேன். கல்லாவில் இருந்த அம்மா, "புவ்கி, புவ்கி" என்று திருத்திக்கொண்டே பையில் போட்டுக் கொடுத்தார்.

நம் 'கள்' மாதிரி எதற்கும் ஒட்டுகிற ஒரே விகுதி அங்கே இல்லை. பெண்பால் சொற்கள் (அங்கே பன்னும் பெண்பால்தான்) பெரும்பாலும் ஆகாரத்தில் முடியும். அதைக் கழற்றிவிட்டு, முன்னால் நிற்கும் மெய்யைப் பாருங்கள்.

த், ப், ம் போன்ற சாதாரண மெய் என்றால் 'ஒய்' எழுத்து சேரும். கொபியெத்தா (பெண்) கொபியெத்து ஆகும்; மாப்பா (வரைபடம்) மாப்பு ஆகும். அந்த 'ஒய்'யை இகரமாகச் சொல்லிவிடாதீர்கள். 'பாட்டு', 'காசு' என்று பேசும்போது உதடு குவியாமல் தேய்கிறதே ஓர் உகரம், நம் குற்றியலுகரம், கிட்டத்தட்ட அதே ஒலிதான். வகுப்பில் மற்றவர்கள் இதற்கு முக்கிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் தொல்காப்பியர் புண்ணியத்தில் இலவசமாக வந்தது.

'க' ஒலி (k), அதன் மெலிந்த ஒலி (g), இரண்டுக்கும் பின்னால் 'ஒய்' வராது, இகரம்தான். புவ்கி இப்படி வந்ததுதான். நோகா (கால்) நோகி ஆவதும் அப்படியே.

ச், ஞ், ய், ல் போன்ற மெல்லிய மெய்களுக்கும் த்ஸ், ஜ் ஒலிகளுக்கும் எகரம்: உலித்ஸா (தெரு) உலித்ஸே, பாப்ச்சா (பாட்டி) பாப்ச்சே, ரூஜா (ரோஜா) ரூஜே.

மெய்யிலேயே முடியும் பெண்பால் சொற்கள்தான் தொல்லை. நோத்ஸ் (இரவு) நோத்ஸே ஆகும், ஆனால் கோஷ்ச் (எலும்பு) கோஷ்ச்சி ஆகும். இவற்றை ஒருமை, பன்மை இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்துவிடுங்கள். ரெங்கா (கை) ரென்த்ஸே ஆவதும் அப்படித்தான். இரண்டை மட்டும் குறித்த பழைய இருமை வடிவம் அது, விதிக்குள் அடங்காது.

சரி, தைரியம் வந்து அடுத்த வாரம் ஐந்து பன் கேட்டேன்: "பியெஞ்ச் புவ்கி". அந்த அம்மா பெருமூச்சு விட்டு, "பியெஞ்ச் புவெக்" என்றார். இரண்டு, மூன்று, நான்குக்குத்தான் புவ்கி. ஐந்திலிருந்து 21 வரை வேற்றுமை உருபு மாறிப் புவெக். 22 என்றால் மறுபடி புவ்கி! அப்புறம் பல நாள் நான்கு பன்னோடு நிறுத்திக்கொண்டேன்.