ஆய்வுத் தரவைத் தொலைதூரத்துக்கு அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

துகள் இயற்பியல், மரபணுவியல், வானியல் போன்ற துறைகளில் டெராபைட் கணக்கில் தரவை நாடு விட்டு நாடு அனுப்ப வேண்டியிருக்கிறது. அது மெதுவாக நகர்ந்தால், பெரும்பாலான நிறுவனங்கள் முதலில் எடுக்கும் முடிவு, இணைப்பின் திறனைக் கூட்டுவதுதான். காரணம் எதுவென்று அளந்து பார்க்காமல் எடுக்கப்படும் இந்த முடிவையே நான் தலையாய தவறாகக் கருதுகிறேன். விநாடிக்கு 1 ஜிகாபிட் இணைப்பை 10 ஆக உயர்த்திய பிறகும் கோப்பு முன்போலவே ஊர்ந்தால், செலவழித்த பணம் திரும்பி வராது.

உண்மையான காரணம் பல நேரங்களில் மிகச் சிறிய பாக்கெட் (தரவைப் பிரித்து அனுப்பும் சிறு துண்டு) இழப்பாக இருக்கும். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வு வலையமைப்பான ஈஎஸ்நெட்டில், 10 ஜிகாபிட் ரவுட்டர் ஒன்றின் லைன் கார்டு (இணைப்புகள் செருகப்படும் அட்டை) 22,000 பாக்கெட்டுகளுக்கு ஒன்று வீதம் தவறவிட்டு வந்தது. இது வெறும் 0.0045 சதவீதம்; ரவுட்டரின் சொந்தப் பிழைக் கண்காணிப்பில்கூட அது பதிவாகவில்லை. ஆனால் தரவு முழுமையாகப் போய்ச் சேர்வதைக் கவனிக்கும் விதிமுறையான டிசிபி, வழக்கமாக ஒவ்வொரு இழப்பையும் நெரிசலின் அடையாளமாக எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கிறது. பழைய வேகத்தை மீண்டும் எட்ட எவ்வளவு நேரமாகும் என்பது, பாக்கெட் போய்ப் பதில் வந்து சேரும் நேரத்தைப் பொறுத்தது. இழப்பையும் போய்வரும் நேரத்தையும் கொண்டு டிசிபியின் வேகத்தைக் கணிக்கும், 1997இல் வெளியான மேத்திஸ் சூத்திரத்தில் இதே இழப்பைப் பொருத்தி, 1,460 பைட் துண்டுகளுக்குக் கணக்கிட்டால், போய்வரும் நேரம் 1 மில்லி விநாடியாக உள்ள வளாகத்துக்குள் ஏறத்தாழ 2 ஜிகாபிட் கிடைக்கும். 100 மில்லி விநாடி தொலைவில் சுமார் 20 மெகாபிட்தான் மிஞ்சும். ‘எங்கள் வளாகத்துக்குள் நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று சொல்லிப் புகாரை முடித்துவிடுவது தவறாவது இதனால்தான்.

அடுத்தது ஃபயர்வால். அலுவலகங்களுக்கான ஃபயர்வால்கள் ஆயிரக்கணக்கான சிறு இணைப்புகளைக் கையாளும் நோக்கில் வடிவமைக்கப்பட்டவை. ஒரே சர்வரிலிருந்து வெள்ளமாய் வரும் ஒற்றை ஓட்டத்தைத் தாங்க அவற்றின் பஃபர் (தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) பல நேரங்களில் போதாது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில், 1 ஜிகாபிட் இணைப்பு இருந்தும் வெளியிலுள்ள கூட்டாளிகளுடனான தரவுப் பரிமாற்றம் 50 மெகாபிட் அளவிலேயே நின்றது. ஃபயர்வாலில் இயங்கிய டிசிபி வரிசைச் சோதனை, சாளர அளவை (பதிலுக்குக் காத்திராமல் ஒரே மூச்சில் அனுப்பக்கூடிய தரவின் அளவை) பெரிதாக்கும் வசதியைச் செயல்படவிடாமல் தடுத்திருந்தது. அதனால் சாளரம் 64 கேபியைத் தாண்டவில்லை. 10 மில்லி விநாடித் தொலைவுக்கு அது தரக்கூடிய வேகம் ஏறத்தாழ அந்த 50 மெகாபிட்தான். அந்தச் சோதனையை நிறுத்தியதும் உள்வரும் வேகம் கிட்டத்தட்ட 5 மடங்கும் வெளிச்செல்லும் வேகம் 12 மடங்கும் உயர்ந்தன.

இதைப் படித்துவிட்டு ஃபயர்வாலை ஒரேயடியாகக் கழற்றிவிடுவது அதைவிடப் பெரிய தவறு. ஈஎஸ்நெட் முன்வைத்த ‘சயின்ஸ் டிஎம்இசட்’ வடிவமைப்பு, தரவுப் பரிமாற்றத்துக்கென்றே ஒதுக்கிய சர்வர்களை வளாகத்தின் எல்லை ரவுட்டருக்கு அருகில் வைத்து, யார் எந்தப் போர்ட்டில் நுழையலாம் என்பதை ரவுட்டரின் அனுமதிப் பட்டியலால் கட்டுப்படுத்துகிறது. அந்தச் சர்வர்களில் மின்னஞ்சல், இணைய உலாவி போன்ற எதையும் நிறுவக் கூடாது. வேறு வேலைக்கு இடம்கொடுக்கத் தொடங்கினால், அனுமதிப் பட்டியல் நீண்டு அந்தப் பாதுகாப்பும் பொருளற்றதாகிவிடும்.

சர்வருக்குள்ளும் பார்க்க வேண்டும். 10 ஜிகாபிட் பாதையை 100 மில்லி விநாடித் தொலைவுக்கு நிரப்ப 125 எம்பி தரவு எந்நேரமும் வழியில் இருக்க வேண்டும். லினக்ஸ் நெடுங்காலமாக வழக்கத்தில் அனுமதித்துவந்த 6 எம்பி பெறுதல் பஃபர் அதற்குப் போதாது. அதைக் கூட்டிய பிறகும் எஸ்சிபி என்ற கோப்பு நகலெடுக்கும் கட்டளையால் கோப்பை அனுப்பினால், அது பயன்படுத்தும் பாதுகாப்பான இணைப்பு முறையான எஸ்எஸ்எச் தனக்குள் வைத்திருக்கும் சாளர வரம்பு குறுக்கே நிற்கும். பல ஓட்டங்களாகப் பிரித்து அனுப்பும் குளோபஸ் போன்ற கருவிகள் இருக்கும்போது, பெரும் தரவுக்கு எஸ்சிபியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. டிஸ்க்கின் வேகத்தையும் தனியே அளந்து பார்க்க வேண்டும். வலையமைப்பின் மேல் சுமத்தப்படும் பழிகளில் சில உண்மையில் சேமிப்பகத்தைச் சேர்ந்தவை.

ஜம்போ ஃபிரேமை (வழக்கமான 1,500 பைட்டைவிடப் பெரிய பாக்கெட்டை) 9,000 பைட்டாக இரு முனைகளில் மட்டும் அமைத்து, இடையிலுள்ள கருவியைப் பழைய அளவிலேயே விட்டு, ‘பாக்கெட் பெரிது’ என்பது போன்ற பிழைச் செய்திகளைக் கொண்டுவரும் ஐசிஎம்பியையும் வழியில் தடுத்துவிடுவது இன்னொரு வழக்கமான பிழை. இணைப்பு உருவாகும், சிறு கட்டளைகளுக்குப் பதில் வரும், பெரிய கோப்பைத் தொடங்கியதும் எல்லாம் உறைந்துவிடும்.

புகார் வந்த அன்று மட்டும் வேகத்தை அளக்கும் கருவியான ஐபெர்ஃப் ஓட்டிப் பார்ப்பது போதாது. பெர்ஃப்சோனார் என்ற அளவீட்டு மென்பொருள் இயங்கும் கணினிகளை இரு முனைகளிலும், முடிந்தால் வழியிலும் நிறுவி, இழப்பையும் தாமதத்தையும் இடைவிடாமல் அளக்க வேண்டும். ஈஎஸ்நெட்டில் அந்த லைன் கார்டின் கோளாறு தெரியவந்ததும் இப்படித் தொடர்ந்து நடந்த இழப்பு அளவீட்டின் வழியாகத்தான்.